எழுதிக் கொடுப்பது நாம், உரிமம் யாருக்கு? பங்களிப்புத் தளங்களின் விதிமுறைகள் நியாயமானவையா?

பழையவால்வு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. வால்வு ரேடியோ, பழைய ஆம்ப்ளிஃபையர் பழுதுபார்ப்பது பற்றிய ஒரு தளத்தில் பல வருடமாக எழுதி வந்தேன். தளத்தின் பெயர் வேண்டாம். கேள்வி கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது, சர்க்யூட்டைக் கையால் வரைந்து ஸ்கேன் செய்து போடுவது, எந்தக் கெப்பாசிட்டரை முதலில் சந்தேகப்பட வேண்டும் என்று எழுதி வைப்பது, இதெல்லாம்தான். காசுக்காகச் செய்யவில்லை.

பிறகு தளம் கைமாறியது. முதலில் விளம்பரம் கூடியது, அது பரவாயில்லை. அப்புறம் பழைய பதில்களையெல்லாம் பொறுக்கியெடுத்து 'நிபுணர் வழிகாட்டி' என்று பெயர் வைத்து, சந்தா கட்டினால்தான் திறக்கும் என்று பூட்டிவிட்டார்கள். என் படங்கள் அப்படியே இருக்கின்றன. ஓரத்தில் நான் போட்டிருந்த பெயர் மட்டும் வெட்டப்பட்டிருக்கிறது. நான் எழுதியதை நானே பார்க்க வேண்டுமென்றாலும் சந்தா கட்ட வேண்டும்.

மின்னஞ்சல் போட்டுக் கேட்டேன். விதிமுறையிலிருந்து ஒரு பத்தியை வெட்டி ஒட்டி, 'நீங்கள் ஒப்புக்கொண்டதுதான்' என்று பதில் வந்தது. சட்டப்படி அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். நான் கேட்பது வேறு. இது நியாயமா? எல்லாத் தளமும் இப்படித்தானா?

கறார்

சார், வருத்தம் புரிகிறது. ஆனால் இதில் நியாயத்தை ஏன் இழுக்க வேண்டும்? இடம் கொடுத்தது அவர்கள், சர்வர் வாடகை கட்டியது அவர்கள், ஸ்பேம் குப்பையைத் தினமும் அள்ளிக் கொட்டியது அவர்கள். உங்களுக்குப் படிக்க ஆள் கிடைத்தது. 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற பெட்டியில் டிக் அடித்ததும் நீங்கள்தான்.

இது நீதிமன்றம் வரை போன விஷயம். ஹஃபிங்டன் போஸ்ட் என்ற செய்தித் தளத்தை 2011இல் ஏஓஎல் என்ற இணைய நிறுவனம் 31.5 கோடி டாலருக்கு வாங்கியதும், அதுவரை சம்பளமில்லாமல் எழுதிவந்த வலைப்பதிவர்கள் எங்கள் பங்கு எங்கே என்று அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். 2012இல் தள்ளுபடி ஆகிவிட்டது. காசு கிடையாது என்று தெரிந்தேதானே எழுதினீர்கள், தளம் நல்ல விலைக்குப் போனதும் பேச்சை மாற்றினால் எப்படி என்பதுதான் சாரம்.

மூன்றாம்கண்

பேரம் பேச இடமில்லாத ஒப்பந்தம். ஒரு தரப்பு மட்டும் நினைத்த நேரத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று அதிலேயே எழுதியிருக்கும். அதை வைத்துக்கொண்டு 'நீங்கள்தானே சம்மதித்தீர்கள்' என்று வாயை அடைப்பது கொஞ்சம் ஓவர், கறார்.

ஷரத்துப்புழு

எனக்கு ஒப்பந்தம் படிப்பதுதான் பிழைப்பு. பழையவால்வு அண்ணா, அவர்கள் ஒட்டி அனுப்பிய பத்தியை இங்கே போடுங்களேன். அதைப் பார்க்காமல் பேசுவதில் அர்த்தமில்லை.

பழையவால்வு

இதோ, அதன் சாரம்: "நீங்கள் இடும் உள்ளடக்கத்தின் பதிப்புரிமை உங்களுடையதே. ஆயினும் அதை எந்த நோக்கத்துக்காகவும், இப்போதுள்ள அல்லது இனி வரப்போகும் எந்த ஊடகத்திலும் நகலெடுக்க, மாற்றியமைக்க, வெளியிட, விநியோகிக்க, உலகளாவிய, பிரத்தியேகமற்ற, நிரந்தரமான, திரும்பப் பெற முடியாத, ராயல்டி இல்லாத, பிறருக்கு மாற்றித் தரத்தக்க, துணை உரிமம் வழங்கத்தக்க உரிமத்தை எங்களுக்கு அளிக்கிறீர்கள். உங்கள் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்று கோரும் உரிமையையும் விட்டுக்கொடுக்கிறீர்கள்."

ஷரத்துப்புழு

நன்றி அண்ணா. இதில் பாதி பார்க்கப் பயமாக இருந்தாலும் தேவையானதுதான். 'மாற்றியமைக்க' என்று இல்லாவிட்டால் உங்கள் படத்தைச் சுருக்கிக் கைப்பேசிக்கு ஏற்ற அளவில் காட்டுவதற்கே தயங்க வேண்டும். 'துணை உரிமம்' இருந்தால்தான் கோப்புகளை வேறொரு நிறுவனத்தின் சர்வரில் வைத்துப் பரிமாற முடியும். 'உலகளாவிய' ஏன் என்று சொல்லவே வேண்டாம். 'ராயல்டி இல்லாத' என்பதும் அப்படித்தான். ஒவ்வொரு முறை பக்கம் திறக்கும்போதும் உங்களுக்குக் காசு எண்ணிக்கொண்டிருக்க முடியாது.

இனி மீதிப் பாதி. 'எந்த நோக்கத்துக்காகவும்' என்பது தளத்தை நடத்தத் தேவையில்லை. 'தளத்தை இயக்கவும் மேம்படுத்தவும்' என்று எழுதினாலே போதும், எழுதுகிற தளங்களும் உண்டு. 'நிரந்தரமான, திரும்பப் பெற முடியாத' என்பதும் தேவையில்லை. நீக்கிய பிறகு பேக்கப்பில் தங்கியிருக்கும் பிரதிக்கு நியாயமான அவகாசம் கேட்டால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். ஃபேஸ்புக் 2009 பிப்ரவரியில் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டது. பயனர் நீக்கிவிட்டால் உரிமமும் முடிந்துவிடும் என்றிருந்த வரியைப் புது விதிமுறையிலிருந்து சத்தமில்லாமல் எடுத்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அந்த மாதமே பழைய விதிமுறைக்குத் திரும்பினார்கள். அந்த வரி இல்லாமல் தளத்தை நடத்த முடியாது என்றால் அவ்வளவு சீக்கிரம் திரும்பியிருக்க மாட்டார்கள், இல்லையா?

கடைசி வாக்கியம்தான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. எழுதியவர் பெயரைச் சொல்ல ஒரு பைசா செலவில்லை. பொருளாதார உரிமைகளை விற்றுவிட்டாலும் 'இது நான் படைத்தது' என்று சொல்லும் உரிமை படைத்தவரிடமே தங்கும் என்று பதிப்புரிமைக்கான சர்வதேச பெர்ன் உடன்படிக்கையே சொல்கிறது. நாட்டுக்கு நாடு அதன் பலம் மாறும், விட்டுக்கொடுக்க அனுமதிக்கும் சட்டங்களும் உண்டு. ஆனால் அதைக் கேட்டு வாங்கிக்கொள்கிற தளம் பின்னால் வெட்டப்போகிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

சின்னத்தளம்

நான் ஒரு சிறிய கேள்வி-பதில் தளம் நடத்துகிறேன், எங்கள் தரப்பையும் கேளுங்கள். 'திரும்பப் பெற முடியாத' என்பது எங்களுக்குப் பேராசையால் வந்தது இல்லை. ஒருவர் கோபித்துக்கொண்டு தன் பதிவுகளையெல்லாம் அழித்துவிட்டுப் போகிறார் என்று வையுங்கள். அவருக்குப் பதிலாகப் பலர் மெனக்கெட்டு எழுதியவை அந்தரத்தில் தொங்கும். "நீங்கள் சொன்ன இரண்டாவது வழிதான் சரி" என்று ஒரு பதில் நிற்கும். எந்த இரண்டாவது வழி? எழுதியவரோடு போய்விட்டது. உரையாடல் ஒருவருக்கு மட்டும் சொந்தமில்லை. பெயரை எடுத்துவிடக் கேட்டால் எடுத்துவிடுவோம், பதிவு இருக்கட்டும் என்போம்.

இன்னொன்று. எங்கள் விதிமுறையை நாங்கள் எழுதவில்லை. பெரிய தளம் ஒன்றைப் பார்த்துப் பெயரை மட்டும் மாற்றிப் போட்டோம். சின்னத் தளங்களில் பாதி அப்படித்தான் இருக்கும்.

மூன்றாம்கண்

அதாவது யாரோ ஒரு பெருநிறுவனத்தின் வக்கீல் எழுதிய பேராசை உங்கள் தளத்திலும் உட்கார்ந்திருக்கிறது. :)

இசைத்தட்டு

இந்தப் பேச்சில் சிடிடிபி (சிடிகளின் பாட்டுப் பெயர்களை வைத்திருந்த இணையத் தரவுத்தளம்) கதை வராமல் இருக்கக் கூடாது. இளையவர்களுக்குத் தெரிந்திருக்காது.

ஆடியோ சிடியில் பெரும்பாலும் பாட்டின் பெயர் இருக்காது. கணினியில் போட்டால் 'டிராக் 1, டிராக் 2' என்றுதான் வரும். ஒவ்வொரு பாட்டும் சிடியில் எங்கே தொடங்குகிறது என்ற கணக்கை வைத்து மென்பொருள் ஓர் அடையாள எண் போடும், அதை இணையத்தில் இருக்கும் தரவுத்தளத்தில் தேடும். கிடைத்தால் பெயர்கள் தானாக நிரம்பும். கிடைக்காவிட்டால், சிடி உறையைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக நாம் தட்டச்சு செய்து அனுப்புவோம். அடுத்தவனுக்கு அந்த வேலை மிச்சம். உலகம் முழுக்க ஆட்கள் இப்படி அனுப்பி அனுப்பித்தான் சிடிடிபி நிரம்பியது.

1998இல் அதை ஒரு நிறுவனம் வாங்கியது. பிறகு கிரேஸ்நோட் என்று பெயர் மாறியது. மென்பொருள் எழுதுபவர்கள் அதைத் தொட வேண்டுமானால் நிறுவனத்தோடு உரிம ஒப்பந்தம் போட வேண்டும் என்று ஆனது. 2008இல் சோனி அதை 26 கோடி டாலருக்கு வாங்கியது. தட்டச்சு செய்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்று கேட்காதீர்கள்.

என் கோபம் அந்த 26 கோடி மேல் இல்லை, பங்கு கேட்கவும் இல்லை. நாங்கள் கூட்டாக நிரப்பிய பட்டியலை, அதை நிரப்பிய கூட்டமே எடுத்துக்கொண்டு போக முடியாமல் ஆனதுதான் பிரச்சினை. ஃப்ரீடிபி, மியூசிக்பிரெய்ன்ஸ் என்ற திறந்த தரவுத்தளங்கள் இரண்டும் அந்தக் கோபத்தில் பிறந்தவை. மியூசிக்பிரெய்ன்ஸ் தன் அடிப்படைத் தரவைப் பொதுவுடைமையாகவே விட்டுவிட்டது. மறுபடி யாரும் பூட்ட முடியாது.

ஊர்சுற்றி

இசைத்தட்டு சொன்னதுதான் எனக்கு மையமான விஷயமாகத் தெரிகிறது. பூட்ட முடியாது என்பதற்கு நடந்த உதாரணமே இருக்கிறது.

விக்கிடிராவல் என்ற பயணக் கையேடு 2003இல் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் எழுதலாம். 2006இல் இன்டர்நெட் பிராண்ட்ஸ் என்ற நிறுவனம் வாங்கியது. அதுவும் பழையவால்வு அனுபவம் மாதிரியே விற்பனைதான். ஆனால் உள்ளடக்கம் முழுக்க கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருந்தது: பெயர் சொல்ல வேண்டும், மாற்றினால் அதையும் அதே உரிமத்தில் தர வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. புது உரிமையாளர் தளத்தைப் பராமரிக்கிற விதம் பிடிக்காமல் 2012இல் எழுதுபவர்களில் பலர் கூட்டமாகக் கிளம்பினார்கள். எழுதிய எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு விக்கிவாயேஜுக்குப் போனார்கள். விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் கீழ் 2013 ஜனவரி 15 அன்று அது முறையாகத் தொடங்கியது. நடுவில் நிறுவனம் இரண்டு தன்னார்வலர்கள் மேல் வழக்குகூடப் போட்டது, அதுவும் சமரசத்தில் முடிந்தது.

கவனியுங்கள், நிறுவனத்திடமிருந்து எதையும் பிடுங்கவில்லை. அவர்களிடம் பழைய பிரதி அப்படியே இருக்கிறது. மக்களிடமும் இருக்கிறது. நிறுவனத்துக்கு எவ்வளவு உரிமை கொடுக்கிறோம் என்பதை மட்டும் பார்த்துப் பயனில்லை. அதே உரிமை எழுதியவர்களின் கூட்டத்துக்கும் கிடைக்கிறதா? நான் அதைத்தான் பார்ப்பேன்.

கறார்

ஊர்சுற்றி, ஒரு கேள்வி. கிரியேட்டிவ் காமன்ஸில் வணிகப் பயன்பாடும் செல்லும் (வணிகத்தைத் தடுக்கும் வகை தனி). அப்படியென்றால் பழையவால்வு எழுதியதை அந்தத் தளம் அப்போதும் சந்தாவுக்குப் பின்னால் வைத்திருக்கலாமே? என்ன வித்தியாசம்?

ஊர்சுற்றி

வைத்திருக்கலாம். ஆனால் பெயரை வெட்டியிருக்க முடியாது. சந்தா கட்டிய முதல் ஆள் மொத்தத்தையும் வெளியே எடுத்துப் போட்டாலும் குற்றமில்லை. அப்புறம் சந்தாவுக்கு என்ன மதிப்பு? பூட்டில் லாபமில்லை என்று தெரிந்தால் பூட்டுகிறவர்களும் குறைவார்கள்.

நிரல்நரி

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. திறந்த உரிமம் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று, நிரலாளர்களுக்கான கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் எழுதிய எங்களிடம் சொல்லிப் பாருங்கள்.

2008இல் தொடங்கியதிலிருந்தே அங்கே எல்லாப் பதிலும் கிரியேட்டிவ் காமன்ஸ். 2019 செப்டம்பரில் ஒருநாள், எல்லா உள்ளடக்கமும் இனி 4.0 பதிப்பில் என்று அறிவித்தார்கள். 3.0இல் நான் கொடுத்ததை என்னைக் கேட்காமல் 4.0 ஆக்க நீங்கள் யார் என்று பலர் கேட்டோம். 4.0 ஒன்றும் மோசமான உரிமம் இல்லை, உண்மையில் பல வகையில் மேல். ஆனால் நல்லதாகவே இருந்தாலும் கேட்காமல் செய்யலாமா? பிறகு எந்தத் தேதியில் எழுதியது எந்தப் பதிப்பு என்று பதிவுக்குப் பதிவு காட்டத் தொடங்கினார்கள். 2023இல் மொத்தத் தரவுக் கோப்பைப் பொதுவில் ஏற்றுவதைக் கொஞ்ச காலம் நிறுத்தினார்கள், அதுவும் எதிர்ப்புக்குப் பிறகே திரும்பியது. உரிமம் திறந்திருந்து கோப்பு கைக்கு வராவிட்டால் அந்த உரிமத்தை வைத்து என்ன செய்வது?

அடுத்து 2024 மே. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனத்தோடு ஒப்பந்தம் என்று அறிவிப்பு. கடுப்பில் சிலர் தங்கள் பதில்களை அழித்தார்கள், சிலர் எதிர்ப்பு வாசகமாக மாற்றி எழுதினார்கள். பதில்கள் பழைய நிலைக்குத் திருப்பப்பட்டன, அவர்களின் கணக்கு தற்காலிகமாக முடக்கப்பட்டது. சின்னத்தளம் சொன்ன அதே காரணம்தான்: உரையாடல் ஒருவருக்கு மட்டும் சொந்தமில்லை.

சின்னத்தளம்

அந்த இடத்தில் நானாக இருந்தாலும் பதில்களைத் திருப்பித்தான் வைத்திருப்பேன். கணக்கை முடக்கியிருக்க மாட்டேன்.

கறார்

ரெடிட் என்ற விவாதத் தளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024இல் பங்குச் சந்தைக்குப் போகும்போது அவர்களே தாக்கல் செய்த ஆவணத்தில், அந்த ஜனவரியில் போட்ட தரவு உரிம ஒப்பந்தங்களின் மொத்த மதிப்பு 20.3 கோடி டாலர், காலம் இரண்டு முதல் மூன்று வருடம் என்று இருக்கிறது. விற்கப்படுவது மக்கள் எழுதியது. உரிமம் தளத்துக்கு மட்டும்தான், எழுதியவர்களின் கூட்டத்துக்கு இல்லை. ஊர்சுற்றியின் அளவுகோலில் இது தேறாது. ஆனால் என் கேள்வி வேறு: தேறுகிற தளத்திலிருந்து ஏஐ நிறுவனங்கள் காசே கொடுக்காமல் அள்ளிக்கொண்டு போகின்றன. தேறாத தளத்திடமாவது காசு கொடுக்கின்றன. எது நியாயம்?

மூன்றாம்கண்

அட, கறாருக்கும் நியாயம் என்ற வார்த்தை வந்துவிட்டது!

நிரல்நரி

கறார் கேட்டது கஷ்டமான கேள்வி. ஒளிக்காமல் சொன்னால், திறந்த உரிமம் போடும்போது நாங்கள் மனதில் வைத்திருந்தது மனிதர்களை: இன்னொரு தளம், ஒரு பாடப்புத்தகம், ஒரு நிரலாளர். பெயர் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனை அங்கே வேலை செய்யும். லட்சக்கணக்கான பதில்களைக் கரைத்துக் குடித்துவிட்டு ஒரு இயந்திரம் சொல்லும் பதிலில் யார் பெயரைப் போடுவது? அந்த உரிமம் இங்கே பொருந்துமா என்பதே நாட்டுக்கு நாடு வழக்கில் இருக்கிறது. ஆனாலும் 20.3 கோடியில் எழுதியவர்களுக்கு எதுவும் வரவில்லையே. தளம் காசு வாங்கியது எனக்கு எப்படி நியாயம் ஆகும்?

வரைபடக்காரி

கேட்காமல் மாற்றுவது என்று நிரல்நரி சொன்னாரே, கேட்டு மாற்றினால் எப்படியிருக்கும் என்று சொல்கிறேன். தன்னார்வலர்கள் கூட்டாக வரையும் வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2012 செப்டம்பரில் கிரியேட்டிவ் காமன்ஸிலிருந்து தரவுத்தளங்களுக்கென்றே உள்ள ஓடிபிஎல் உரிமத்துக்கு மாறியது. சாலையின் ஆயத்தொலைவுகள் கட்டுரை மாதிரி இல்லை, பழைய உரிமம் தரவுக்குச் சரியாகப் பொருந்தவில்லை என்பது காரணம். விவாதம் மட்டும் வருடக்கணக்கில் நடந்தது. கடைசியில் பங்களித்த ஒவ்வொருவரிடமும் சம்மதம் கேட்டார்கள். மறுத்தவர்கள் வரைந்ததையும், பதிலே வராதவர்கள் வரைந்ததையும் வரைபடத்திலிருந்து எடுத்தார்கள். சாலை நடுவில் அறுந்து நிற்கும், அடுத்த தெருவுக்குப் பெயர் போயிருக்கும். மற்றவர்கள் உட்கார்ந்து மறுபடி வரைந்தோம். வயிற்றெரிச்சல்தான், மறுக்கவில்லை.

ஆனால் அதில் ஒரு நல்ல ஷரத்து பிறந்தது. இப்போது சேருகிறவர்கள் ஒப்புக்கொள்ளும் விதிமுறையில், வருங்காலத்தில் உரிமத்தை மாற்ற வேண்டுமானால் வேறொரு திறந்த உரிமத்துக்குத்தான் மாற்றலாம், அதுவும் அப்போது தொடர்ந்து பங்களித்துக்கொண்டிருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு சம்மதித்தால்தான் என்று இருக்கிறது. நடத்தும் அறக்கட்டளை தன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது.

விக்கிப்பீடியா 2009இல் உரிமம் மாறியபோதும் வாக்கெடுப்பு நடத்தினார்கள். 17,000க்கு மேல் வாக்கு விழுந்து, நாலில் மூன்று பங்குக்குச் சற்றுக் கூடுதலானோர் ஆதரித்தார்கள்.

ஷரத்துப்புழு

வரைபடக்காரி, அருமை. 'விதிமுறைகளை நாங்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம், தொடர்ந்து பயன்படுத்தினால் சம்மதித்ததாகக் கொள்வோம்' என்ற வரியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். உரிமம் அகலமாக இருப்பதைவிட அந்த வரிதான் எனக்கு ஆபத்தாகத் தெரிகிறது. இன்று நியாயமாக இருக்கும் தளம் நாளை விற்கப்படும்போது வாங்குகிறவர் அந்த வரிக்கும் சேர்த்துத்தான் விலை கொடுக்கிறார்.

பழையவால்வு

எல்லோருக்கும் நன்றி. படித்துக்கொண்டே இருந்தேன்.

பழைய ஆட்கள் சிலர் சேர்ந்து புதிதாக ஒரு தளம் தொடங்கலாம் என்று பேச்சு ஓடுகிறது. உரிமம் ஊர்சுற்றி சொன்ன வகை. மொத்தத் தரவும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி இருக்கும். உரிமத்தை மாற்ற வரைபடக்காரி சொன்ன மூன்றில் இரண்டு. இது வரைக்கும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பதிவை நீக்குவதில்தான் இன்னும் சண்டை.

இப்போது ஷரத்துப்புழுவிடம் ஒரு கேள்வி. பழைய தளத்தில் இருக்கும் என் பதில்களை எடுத்துப் புதுத் தளத்தில் போடலாமா? அவர்கள் வழக்குப் போடுவார்களா?

ஷரத்துப்புழு

அண்ணா, நீங்கள் ஒட்டிய பத்தியில் உங்களுக்குச் சாதகமான ஒரு சொல் இருக்கிறது: 'பிரத்தியேகமற்ற'. அவர்களுக்கும் உரிமை உண்டு, உங்களுக்கும் இருக்கிறது. நீங்கள் எழுதியதை, நீங்கள் வரைந்ததை, எங்கே வேண்டுமானாலும் போடலாம், புத்தகமாகக்கூடப் போடலாம். பெயரோடு. மூலக் கோப்பு உங்களிடம் இருந்தால் அதிலிருந்தே எடுங்கள். அவர்களுடைய பக்க வடிவமைப்பு, 'நிபுணர் வழிகாட்டி'க்காக அவர்கள் திருத்தி எழுதிய வாசகம், இரண்டையும் தொடாதீர்கள்.

மற்றவர்கள் எழுதிய கேள்வி, பின்னூட்டம், திருத்தம் எதையும் நகலெடுக்கக் கூடாது. அவையெல்லாம் அவரவர் சொத்து. ஆள் தொடர்பில் இருந்தால் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் கேள்வியின் விஷயத்தை உங்கள் நடையில் புதிதாக எழுதிவிடுங்கள், பழுதுக்கு யாரும் பதிப்புரிமை கொண்டாட முடியாது. நான் சொல்வது பொதுவான விளக்கம்தான். தொடங்குவதற்கு முன் உங்கள் நாட்டுச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் அந்தப் பத்தியை முழுசாகக் காட்டிவிடுங்கள்.

இசைத்தட்டு

மூலக் கோப்பு இல்லாத படங்கள் எவ்வளவு இருக்கும் அண்ணா?

பழையவால்வு

ஸ்கேன் பாதிக்கு மேல் பழைய டிஸ்க்கோடு போய்விட்டது. ஆனால் காகிதம் இருக்கிறது, மூன்று ஃபைல் நிறைய. மறுபடி ஸ்கேன் செய்ய ஆரம்பித்திருக்கிறேன். பென்சில் மங்கிய இடங்களில் மட்டும் மதிப்பு எண்களைத் திருப்பி எழுத வேண்டும்.

சின்னத்தளம்

நீக்குவது பற்றிய உங்கள் ஷரத்தை எழுதி முடித்ததும் இங்கே போடுங்கள் சார். எங்கள் தளத்திலும் மாற்ற வேண்டும், இந்த முறை பார்த்து எழுதப்போவதில்லை.